நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால்

பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் நிக்காஹ் தகவல், மய்யித் அறிவிப்பு, சந்தா பாக்கி எல்லாம் இருக்கும். (பாக்கி மட்டும் கொட்டை எழுத்தில்!) அதே பலகையில் 15100 என்ற எண்ணையும் எழுதிவைக்கலாம். இலவச சட்ட உதவிக்கான தேசிய எண் அது. காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் வழக்கறிஞர் உண்டு.

கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. (தடுப்புக் காவல் என்றால் கதை வேறு.) இது பலர் கேள்விப்பட்டதுதான். அதிகம் தெரியாதது, கைதின்போது காவலர் எழுத வேண்டிய கைதுக் குறிப்பாணை. டி.கே.பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-ஆம் பிரிவு. அந்தக் குறிப்பாணையில் குடும்பத்தார் ஒருவரோ வட்டாரத்தின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதான நேரமும் பதிவாக வேண்டும். 24 மணி நேரத்தை எண்ண அதுதான் ஆதாரம்.

நள்ளிரவில் கைது செய்ய வரும்போது ‘நமக்கேன் வம்பு’ என்று எதிர்வீட்டுக்காரர் விளக்கை அணைத்துவிட்டால்? சாட்சி ஜமாஅத்தாராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தெருமுனை டீக்கடை அண்ணாச்சியும் கையெழுத்துப் போடலாம். அவரிடம் இப்போதே, பட்டப்பகலில், டீ குடித்தபடியே பேசிவைக்கலாம்.