இல்லை என்பதற்கு ஓர் எண்

லிப்ரேஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளின் பழைய நிரலில் எழுத்துச் சரங்களுக்கென ஒரு வகுப்பு இருந்தது. பெயர் ஸ்ட்ரிங். ஜெர்மனியின் ஸ்டார்டிவிஷன் வழி வந்தது. 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது, அதன் நிரலிலிருந்து 2010இல் லிப்ரேஆபீஸ் தனியே பிரிந்தது. சரம் கைமாறிக் கைமாறிக் கூடவே வந்தது. தன் நீளத்தை அது 16 பிட்டில் வைத்திருந்தது. அதனால் 65,535க்கு மேல் அதில் இடமில்லை. லிப்ரேஆபீஸின் சொல்செயலியான ரைட்டரில் ஒரு பத்தி என்பது ஒரு சரம்.

நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் அது நியாயமான முடிவு. எழுதியவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

அந்த 65,535 எழுத்துகளின் எண்ணிக்கையும் அல்ல. யுனிகோடில் 'க்' இரண்டு அலகு, 'கொ' இரண்டு அலகு. தமிழில் நீளமாக எழுதுபவருக்குச் சுவர் இன்னும் அருகில் இருந்தது.

மாற்று கையிலேயே இருந்தது: ஓயூஸ்ட்ரிங் என்ற வகுப்பு, 32 பிட் நீளம். பெயரை மாற்றினால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பழைய சரத்தில் தேடியது கிடைக்காவிட்டால் 65,535 என்று பதில் வரும், புதியதில் -1. பதிலை வாங்கும் மாறியை 16 பிட்டிலேயே விட்டுவிட்டால், உள்ளே போன -1 அங்கே 65,535 ஆகிவிடும். பிறகு '-1தானா?' என்று சோதித்தால் 'அல்ல' என்றே விடை வரும். இல்லாத ஒன்று கிடைத்துவிட்டதாக நம்பி நிரல் மேலே நடக்கும். கம்பைலர் எச்சரித்தால் நம் நல்ல காலம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பழைய சரம் சொன்ன மாற்றத்தைத் தன்மேலேயே செய்துகொள்ளும். புதியது தான் மாறாது. மாற்றிய சரத்தைத் திருப்பித் தரும். அதை வாங்கிக்கொள்ளாத வரி பிழை எதுவும் காட்டாமல், ஒன்றும் செய்யாமல் கடந்துபோகும்.

அப்படியென்றால் மாற்ற வேண்டியது வகுப்பை மட்டுமல்ல, அதை நம்பிப் பழகிய ஒவ்வொரு மாறியையும். ஒவ்வோர் அழைப்பிலும் நின்று, பதில் எங்கே போகிறது என்று கூடவே போய்ப் பார்க்க வேண்டும். பலர் இதைச் சிறு சிறு திருத்தங்களாகச் செய்தார்கள். வெளியே தெரியாத இந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். 2014 ஜூலையில் வந்த 4.3 பதிப்பில் ரைட்டரின் பத்தி வரம்பு போனது. பத்தாண்டுகளுக்கு மேல் திறந்தே கிடந்த புகார் அது.

கோப்புகளைப் படிக்கும் பகுதியில் 16 பிட் நீளம் இன்னும் இருக்கிறது. பழைய எக்செல் கோப்புகளில் சரத்தின் நீளம் பெரும்பாலும் இரண்டு பைட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது. யாரோ அன்று சேமித்த கணக்கு இன்றும் திறக்க வேண்டும். அங்கே அதை யாரும் தொடக் கூடாது.