தீர்ப்புக்கு முன்னாடி ஒரு தூது



போன செவ்வாய், கவரைப்பேட்டையிலிருந்து சிறுவாபுரி போற வழியில ஒரு ஃபார்வர்டு. தெரிஞ்ச பையன் ஒருத்தன் பணம் திருடிட்டானாம். யோசிக்காம நாலு குரூப்புக்குத் தட்டிவிட்டேன். மறுநாள் தெரிஞ்சது, அவன் எடுக்கவே இல்ல.

1945-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் ஜூரி, எம்.கே.தியாகராஜ பாகவதரைக் குற்றவாளி என்றது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 1947-ல் விடுதலை. சிறையில் போன வருஷங்கள் திரும்பல. சாட்சிகளைக் கேட்ட ஜூரி தீர்ப்பே நிக்கலைன்னா, எதையுமே கேட்காத என் தீர்ப்பு?

தேவர்களையே சிறை வச்ச சூரபத்மனுக்கும், போருக்கு முன்னாடி வீரபாகுவைத் தூது அனுப்பினார் நம்ம முருகன். நான் அந்தப் பையனுக்கு ஒரு போன்கூடப் பண்ணல.

நேர்ல போய் மன்னிப்புக் கேட்டேன். நாலு குரூப்பிலும் உண்மையைப் போட்டேன். நீங்களும் ஃபார்வர்டு பண்ணும் முன் ஒரு தூது விடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!