ஆணி அடித்த வாள்

வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் சலவைக்கல்லில் ஓர் அரசன் நிற்கிறான். தாடி, தொப்பி, ஒன்றன்மேல் ஒன்றாய்க் கட்டிய கைகள். ஆர்மீனிய மன்னன் திரிதாத்தேஸ் என்று பெயர். அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவரை அந்தக் கைகள் விடவில்லை.

பதினான்காம் லூயி காலத்துச் சிலை. ரோமானியர் செதுக்கிய ஒரு கைதியின் உருவத்தைப் பார்த்து வடித்தது. ஆனால் திரிதாத்தேஸ் கைதியாக ரோமுக்குப் போனவன் அல்ல. பார்த்தியப் பேரரசனின் தம்பி. கி.பி. 63இல் ரோமுடன் செய்த உடன்பாட்டின்படி மகுடத்தைக் கழற்றி ரோமப் பேரரசன் நீரோவின் உருவத்தின் முன் வைத்தான். அதை நீரோவின் கையாலேயே திரும்பச் சூடிக்கொள்ள, 3,000 குதிரைவீரர் சூழ ஒன்பது மாதம் பயணம் செய்தான். செலவு ரோமுடையது.

நேப்பிள்ஸில் நீரோவை நெருங்கும்போது இடுப்புக் குறுவாளைக் கழற்றச் சொன்னார்கள். மறுத்தான். கடைசியில் வாள் வெளியே வராதபடி உறையோடு சேர்த்து ஆணி அடித்துக்கொண்டு போய் மண்டியிட்டான். வரலாற்றாசிரியர் தியோ காசியஸ் எழுதியது. சிலையைப் பார்த்து வந்தவர் எப்போதோ படித்தது. 66இல் ரோமில் நடந்த முடிசூட்டு விழாவின் பளபளப்பெல்லாம் மறந்துவிட்டது, ஆணிச் சத்தம் மட்டும் காதில் நிற்கிறது.

உருவ முடியாத வாள் வாள்தானா?

அவரும் கைகட்டி நின்றவர்தான்: ஐந்தாம் வகுப்பில் கோலி விளையாடியதற்காக வாத்தியார் அப்படி நிற்கச் சொன்னார். மேசைமேல் பறிமுதலான கோலிகள். "இனிமே விளையாட மாட்டேன் சார்" என்று சொன்ன வாயோடு, அக்குளுக்குள் ஒளிந்திருந்த உள்ளங்கையில் ஒரே ஒரு பச்சைக் கோலி வியர்த்துக்கொண்டிருந்தது. தோற்கவில்லை என்று அன்றைக்கு நினைத்தார். பிறகு அலுவலகங்களில் எத்தனையோ தடவை தலையாட்டியபோதும் அந்தக் கோலி உள்ளே இருப்பதாகவே நம்பினார்.

திரிதாத்தேஸுக்காவது பலன் கிடைத்தது. அவன் வம்சம் பின்னாளில் வேரூன்றி, 428 வரை ஆர்மீனியாவை ஆண்டது. 72 வாக்கில் அலானியர் என்ற நாடோடிகள் படையெடுத்தபோது ஒருவன் தூரத்திலிருந்து அவன்மேல் சுருக்குக் கயிற்றை வீசினான். கயிற்றை வாளால் அறுத்துத் தப்பினான் என்கிறார் வரலாற்றாசிரியர் ஜோசிபஸ்.

ஆக, ஒரு வாள் உருவப்பட்டிருக்கிறது. குனிந்தவன் நிமிர்வதற்காகத்தான் குனிந்தான் என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் தோட்டத்தில் நிற்பவனுக்குக் கைகள் இன்னும் கட்டியபடியே இருக்கின்றன. பச்சைக் கோலியை அவர் எங்கே வைத்தார் என்பதும் நினைவில்லை. கட்டிய கையைப் பார்த்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? அவருக்குத் தெரியவில்லை.