தனிக் கம்பியும் பொதுக் கம்பியும்

ஒரு பொருள் நமக்கு மட்டுமே உரியதாய் இருக்கும்போது அதன் குறையை நாம் பொறுத்துக்கொள்கிறோம். அதுவே பலருக்கும் பொதுவாகிவிட்டால், குறை தோன்றிய மறுகணமே பிறர்மீது பழி சுமத்தத் தொடங்குகிறோம். இது ஏன்? பொதுவான ஒன்றைப் பயன்படுத்துவோர் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டிருப்பது என்ன? இவ்வினா நமக்கு நூலகத்தில் எழவில்லை. பங்கு இல்லத்தின் இணைய இணைப்பை மாற்றிய ஒரு சிறு நிகழ்ச்சியில் எழுந்தது.

பல ஆண்டுகளாக நமது இல்லத்திற்கு இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகவே வந்துகொண்டிருந்தது. டி.எஸ்.எல். எனப்படும் இம்முறை 2005-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு வீடுகளுக்குப் பரவலாக வரத் தொடங்கியது. தொலைபேசியில் மனிதக் குரலைக் கொண்டுசெல்ல 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களே போதும். செப்புக் கம்பியோ அதனினும் பன்மடங்கு தாங்கவல்லது. பயனின்றிக் கிடந்த அந்த மேற்பகுதியில் இணையத் தரவை அனுப்பி, வீட்டில் ஒரு சிறு பெட்டியால் குரலையும் தரவையும் பிரித்துவிடுவர். தொலைவுதான் இதற்குப் பகை. இணைப்பகத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல வேகம் குறையும். ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் பயன்படாது. நமது இல்லம் அந்த எல்லைக்குச் சற்று உள்ளே இருந்தது. வேகம் குறைவுதான். ஆயினும் அது இணைப்பகத்திலிருந்து நம் வாசல்வரை நமக்கென்றே வந்த கம்பி. மழைக்காலத்தில் அது இரைந்தபோதும் அண்டை வீட்டாரை நாம் நொந்துகொண்டதில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக ஆலயக் கதவுகள் அடைபட்டன. திருப்பலியைக் காணொளியாக வீடுகளுக்கு அனுப்ப வேண்டிய நிலை வந்தது. அப்போதுதான் பழைய இணைப்பின் மற்றொரு தன்மை நமக்குப் புலப்பட்டது. வீட்டிற்கு வரும் தரவுக்கு அது அகன்ற பாதை தந்தது. வீட்டிலிருந்து செல்லும் தரவுக்கோ ஒற்றையடிப் பாதையே. வீட்டார் பெறுவோர், தருவோர் அல்லர் என்ற எண்ணத்தில் அமைந்த முறை அது. அரைமணி நேரக் காணொளியை அனுப்ப அரைநாள் ஆயிற்று. எனவே தெருவில் கேபிள் தொலைக்காட்சி நடத்தி வந்த இளைஞரிடமே இணைய இணைப்பும் பெற்றோம்.

கேபிள் முறைக்குத் தனி வரலாறு உண்டு. மலைகளால் தொலைக்காட்சி அலைகள் எட்டாத அமெரிக்கச் சிற்றூர்களில், 1948-ஆம் ஆண்டையொட்டி, உயரமான ஓரிடத்தில் ஒரே அலைவாங்கியை நாட்டி, அதிலிருந்து கம்பி இழுத்துப் பல வீடுகளும் பகிர்ந்துகொண்டன. அதாவது, பிறவியிலேயே அது ஊர்ப் பொதுச்சொத்து. நம் நாட்டில் 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரையொட்டி அது பரவத் தொடங்கியது. தெருத்தெருவாய் மொட்டை மாடிகளிலும் தென்னை மரங்களிலும் கறுப்புக் கம்பிகள் தொங்கியதை நாம் கண்டிருக்கிறோம். அதே கம்பியில் பின்னர் இணையமும் வந்தது. அதில் வேகம் மிகுதி. ஆனால் அவ்வேகம் ஒரு வீட்டிற்கு உரியதன்று. ஒரு பகுதியின் வீடுகள் அனைத்தும் ஒரே கொள்ளளவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதிலும் வெளியே அனுப்பும் பாதை குறுகலானது.

முதல் சில வாரங்கள் மகிழ்ச்சியாய்க் கழிந்தன. பின்னர், நண்பகல் உணவுக்குப் பின் நாம் காணொளிகளை அனுப்பும் வேளையில் இணைப்பு தவழத் தொடங்கியது. தெருவில் யாரோ ஓயாது திரைப்படம் பார்க்கின்றனர் என்று நாமே முடிவு செய்துகொண்டோம். காசு கொடுத்தவர் என்ற உரிமையோடு அந்த இளைஞரை அழைத்துக் கடிந்துகொண்டோம். அவர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "சாமி, தப்பா நினைக்காதீங்க. அந்த நேரத்துல அதிகமா மேல ஏத்துறது நம்ம சாமியார் வீடுதான்."

அது 2020 செப்டம்பர் மாதம். கல்லூரி இறுதியாண்டு மாணவர் பலர் வீட்டிலிருந்தே தேர்வெழுதி, விடைத்தாளைப் படமெடுத்துக் குறித்த நேரத்திற்குள் இணையத்தில் ஏற்றவேண்டியிருந்தது. நம் இல்லத்திற்கு மூன்றாம் வீட்டில் அத்தகைய மாணவி ஒருவர் இருந்தார். மூன்று முறை ஏற்றியும் ஏறாமல், நான்காம் முறை, நேரம் முடியும் தறுவாயில் அவருடைய விடைத்தாள் சென்று சேர்ந்ததாம். அவர் தாய் நம்மிடம் வந்து முறையிடவில்லை. காரணம் யாரென்று அவர் அறியார். அறிந்திருந்தாலும் வந்திருப்பாரோ என்பது ஐயமே.

நாம் வெட்கினோம். அண்டை வீட்டாரால் நமக்கு இடையூறு என்று எண்ணிய நேரமெல்லாம், நாமும் அவர்களுக்கு அண்டை வீட்டாரே என்பது நினைவுக்கு வரவில்லை. நெரிசல் என்றாலே நமக்குப் பிறர்தான். சாலையில் நிற்கும்போதும், மருத்துவமனை வரிசையில் காத்திருக்கும்போதும் நம் எண்ணம் இவ்வாறே ஓடுகிறது. கூட்டத்தைக் குறைகூறும் எவரும் அக்கூட்டத்தில் தம்மையும் ஒருவராக எண்ணிக்கொள்வதில்லை.

பலருக்கும் பொதுவான பொருள் மிகக் குறைந்த கவனிப்பையே பெறும் என்று அரிஸ்டாட்டில் தமது அரசியல் நூலில் கருதினார். 1968-ஆம் ஆண்டு காரெட் ஹார்டின் என்னும் அறிஞரும், பொது மேய்ச்சல் நிலம் ஒவ்வொருவர் தன்னலத்தாலும் பாழாகும் என்று வாதிட்டார். ஆனால் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் பல நாடுகளின் பாசனங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆராய்ந்து, தமக்குள் விதி வகுத்துக்கொண்ட மக்கள் பொதுச்சொத்தைத் தலைமுறைகளாய்க் காத்து வருவதை 1990-ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் எடுத்துக்காட்டினார். 2009-ஆம் ஆண்டு பொருளாதாரத்திற்கான நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

நம் ஊர் உழவர்க்கு இது புதிதன்று. ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்றொருவர் இருப்பார். எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நீர் என்பதை முறைவைத்து விடுவது அவர் பணி. தலைமடைக்காரர் தம் வயல் நிரம்பியபின்னும் மடையைத் திறந்து வைத்தால் கடைமடைப் பயிர் கருகும். தலைமடையில் நிற்பவர் கண்ணுக்குக் கடைமடை தெரிவதில்லை. அதனாலேயே நீர்க்கட்டி தேவைப்படுகிறார். இணையக் கம்பியிலும் அப்படியே. நமது இல்லம் தலைமடையில் நின்றதை அந்த இளைஞர் சொல்லித்தான் அறிந்தோம்.

இதனால் விற்பவர் பொறுப்பு நீங்கிவிடாது. கொள்ளளவை மீறி இணைப்புகளை விற்பது அநீதியே. ஆயினும் விற்பவர் செய்த தவறு வாங்கியவர்தம் கடமையை அழித்துவிடாது. கட்டணம் செலுத்தியதால் பயன்படுத்தும் உரிமை வந்தது. பிறர் தேவையைக் காணாதிருக்கும் உரிமை வரவில்லை.

அப்படியானால் தனிக் கம்பியே மேலானதோ? அதையும் எண்ணிப் பார்த்தோம். உண்மையில் அதுவும் முற்றிலும் தனியாய் இருந்ததில்லை. தொலைபேசிக் கம்பிகள் பல ஒரே கட்டாக ஓடுகின்றன, ஒன்றின் அதிர்வு அடுத்ததில் கசிகிறது, அக்கட்டில் டி.எஸ்.எல். இணைப்புகள் பெருகப் பெருக ஒவ்வொன்றின் வேகமும் சற்றுக் குன்றும். இணைப்பகத்திற்கு அப்பாலோ எல்லாமே பொதுவழிதான். புதிய ஒளியிழை இணைப்புகளிலும் ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருவது வழக்கம். தனியுடைமை என்று நாம் போற்றிய அமைதி, அண்டை வீட்டார் கண்ணுக்குப் படாதிருந்த அமைதியே.

அன்று முதல் காணொளிகளை இரவு பதினொரு மணிக்குமேல் அனுப்பினோம். தேர்வு நாட்களை அந்த இளைஞரிடம் முன்னரே கேட்டு வைத்துக்கொண்டோம். அம்மாணவியின் வீட்டிற்குச் சென்று நடந்ததைச் சொல்லி மன்னிப்பும் கேட்டோம். தாயார் திகைத்துவிட்டுச் சிரித்தார். "நாங்க கம்பெனிக்காரங்களத்தான் திட்டிக்கிட்டு இருந்தோம், சாமி" என்றார். அவர்களுக்கும் பழி சுமத்த ஒருவர் இருந்திருக்கிறார். நம் தெருவில் ஒவ்வொரு வீடும் இவ்வாறே யாரையோ நொந்துகொண்டிருந்தது போலும். ஒரே கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தும், ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாரிடம் ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை.