கூட்டருகே கேமராவுக்கு என்ன வேலை?

இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டால் சமூக ஊடகங்களில் கூட்டுப் படங்கள் குவிகின்றன. வாய் பிளந்து நிற்கும் குஞ்சுகள், ஓணானைக் கவ்வி வந்திறங்கும் வல்லூறு, கீழே ஆயிரக்கணக்கில் விருப்பக்குறிகள். இவற்றுள் சில எப்படி எடுக்கப்படுகின்றன என்பது அண்மைக் காலமாக வெளியே வந்து சர்ச்சையாகிறது. கூட்டை மறைத்திருந்த கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். பதிவுசெய்த குரலை அலைபேசியில் ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைக்கிறார்கள். கூடு இருக்கும் இடம் வாட்ஸ்அப் குழுக்களில் பரவ, மரத்தடியில் கேமரா முக்காலிகள் வரிசை கட்டுகின்றன. இதைச் செய்வோர் பறவை நேசர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் என்பதே பெரும் வேதனை.

ஒரு பறவையின் அமைதியைக் குலைத்தால்தான் படம் கிடைக்கும் என்றால், அந்தப் படம் வேண்டாம். இதில் பேரத்துக்கு இடமே இல்லை.

வல்லூறு உயர்ந்த மரத்தில் சுள்ளிகளை அடுக்கி, காக்கைக் கூடு போன்ற ஒரு கூட்டில் மூன்று நான்கு முட்டைகள் இடும். அடைகாக்கச் சில வாரங்கள் ஆகும். அந்த நாள்களில் ஆள்களுக்கு அஞ்சித் தாய்ப்பறவை விலகியே நின்றால், கோடை வெயில் முட்டைகளைக் கெடுத்துவிடக்கூடும். மனிதர் வந்துபோவதை நோட்டமிடும் காக்கையும் வால்காக்கையும் கூட்டைக் கண்டுகொள்ளும். சிறகு முற்றாத குஞ்சுகள் மிரண்டு வெளியே குதித்தால் நாய்க்கும் பூனைக்கும் இரையாகும். குரலை ஒலிக்கவிடுவது வேறுவகைக் கொடுமை. தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டது என்று நம்பும் ஆண்பறவை, இரைதேட வேண்டிய பொழுதை இல்லாத பகையோடு மல்லுக்கட்டியே கழிக்கிறது.

சட்டமும் இதைச் சிறு பிழையாகக் கருதவில்லை. 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பட்டியலிடப்பட்ட அரிய பறவைகளைக் கூட்டில் தொந்தரவு செய்யக்கூடிய படப்பிடிப்புக்கு முன்கூட்டியே உரிமம் பெற வேண்டும். ஆனால் ஒவ்வொரு மரத்தடியிலும் வனக்காவலர் நிற்க முடியாது. அங்கே காவல் நிற்க வேண்டியது நெஞ்சில் உள்ள அறம்தான்.

அந்த அறத்தைத் தமிழர் எங்கும் போய்க் கடன் வாங்க வேண்டியதில்லை. அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகிறார். தலைவியைக் காண விரைந்து வருகிறவன் அவன். ஆயினும் பூத்த சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் கலங்கிவிடுமோ என்று அஞ்சி, தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். வண்டுக்காகத் தன் அவசரத்தை அடக்கியவன் வழிவந்தோர், விருப்பக்குறிக்காக வல்லூற்றின் கூட்டைக் கலைக்கலாமா? மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணி வள்ளல் பேகன் தன் போர்வையைக் கொடுத்தான். சோழர் முன்னோனாகிய சிபி புறாவைக் காத்தபோது, துரத்தி வந்த பருந்தின் பசியையும் புறக்கணிக்கவில்லை. தன் உடலையே ஈடாகத் தந்தான். ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தில் வள்ளுவர், பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பம்போல் கருதாதபோது கற்ற அறிவால் ஆவது என்ன என்று கேட்கிறார். பறவையின் அறிவியல் பெயரும் வலசைப் பாதையும் மனப்பாடமாகத் தெரிந்தோர், அந்தக் கேள்வியைத் தமக்கானதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவை ஏட்டோடு நின்றுவிடவும் இல்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. பண்டிகை மகிழ்ச்சியையே விட்டுக்கொடுக்கும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முன், ஒரு படத்தை விட்டுக்கொடுக்க மறுப்பவர் வெட்கப்பட வேண்டும்.

படங்களால் நன்மை இல்லை என்று சொல்வதற்கில்லை. 2012இல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கப் பகுதியில் அமூர் வல்லூறுகள் வலைகளில் பிடித்துக் கொல்லப்பட்டதை உலகுக்குக் காட்டியவை படங்களே. மறு ஆண்டே அந்த வேட்டை அங்கு நின்றது. ஆனால் அந்தக் கேமரா பிறர் செய்த துன்பத்துக்குச் சாட்சி சொன்னது. கூட்டருகே நிற்கும் கேமராவோ தானே துன்பம் செய்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஆகவே, பறவை தலைநிமிர்ந்து உற்று நோக்கத் தொடங்கினாலே பின்வாங்குங்கள். கூடு இருக்கும் இடத்தை எவரிடமும் சொல்லாதீர்கள். பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் தளம்கூட ஆபத்திலுள்ள சில இனங்களைக் கண்ட இடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்தே வைக்கிறது. புகைப்படப் போட்டி நடத்துவோர் கூட்டுப் படங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பட்டும். பிள்ளைகளைப் பறவை நடைக்கு அழைத்துச் செல்வோர், பெயர்களைக் கற்பிக்கும் முன் விலகி நிற்கக் கற்பிக்கட்டும். பாராட்டுகிறவர் கை நின்றால், கிளையை வெட்டுகிறவர் கையும் தானே நிற்கும்.