யாருடைய வினை?

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள். பிற்பகல் இரண்டு மணி கடந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. பீகாரிலும் நேபாளத்திலும் பூமி குலுங்கியது. சில நிமிடங்களுக்குள் முங்கேர் நகரத்தின் கடைவீதி செங்கற்குவியலாயிற்று. முசாபர்பூரிலும் வீடுகள் வரிசை வரிசையாகச் சரிந்தன. கங்கைக்கு வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்திற்கு நிலம் சேறு போலக் குழைந்து, அதன்மேல் நின்ற கட்டிடங்கள் சாய்ந்தும் அமிழ்ந்தும் போயின. பூமியின் பிளவுகளிலிருந்து மணலும் நீரும் பீறிட்டு எழுந்து விளைநிலங்களை மூடின. குடிநீர்க் கிணறுகள் தூர்ந்தன. பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பேரழிவின் செய்தி பரவியபோது மகாத்மா காந்தி தீண்டாமை ஒழிப்புப் பணிக்காகத் தென்னாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் நடந்த பொதுக்கூட்டத்தில் அவர் பீகாரின் துயரத்தைப் பற்றிப் பேசினார். தீண்டாமை என்னும் பாவத்திற்காக இறைவன் அளித்த தண்டனையே இந்தப் பூகம்பம் என்று தாம் நம்புவதாக அப்போது கூறினார்.

இதைப் பத்திரிகைகளில் படித்த ரவீந்திரநாத தாகூர் பெரிதும் வருந்தினார். தீண்டாமையை எதிர்ப்பதில் அவர் காந்தியோடு முழுமையாக ஒன்றுபட்டவர். ஆயினும் இந்த விளக்கத்தை அவரால் ஏற்க இயலவில்லை. மறுப்பு ஒன்றை எழுதிக் காந்திக்கே அனுப்பிவைத்தார். காந்தியும் அதைத் தமது ‘ஹரிஜன்’ பத்திரிகையில் 1934 பிப்ரவரி 16 அன்று வெளியிட்டு, உடன் தமது பதிலையும் எழுதினார். தம்மை மறுத்து எழுதப்பட்டதைத் தமது பத்திரிகையிலேயே அச்சிடும் பண்பு அன்றும் அரிது, இன்றும் அரிது.

தாகூரின் வாதத்தில் இரண்டு இழைகள் பின்னிக் கிடக்கின்றன. முதலாவது அறிவு சார்ந்தது. இயற்கையின் சீற்றங்கள் இயற்கைக் காரணங்களின் சேர்க்கையால் விளைபவை. மனிதரின் ஒழுக்கக் குறைவு பாறைகளை அசைப்பதில்லை. மேலும், பூகம்பத்தை ஒரு பாவத்தோடு முடிச்சிட்டால், அம்முடிச்சை எவரும் தமக்கு வேண்டியவாறு போட்டுக்கொள்ளலாம். தீண்டாமையை ஆதரிப்போர், காந்தியின் இயக்கமே இப்பேரிடரை வரவழைத்தது என்று சொன்னால் அதை எந்த நியாயத்தால் மறுப்பது?

இரண்டாவது இழை கருணை சார்ந்தது. அதுவே வலிமை மிக்கது. இடிபாடுகளில் புதைந்தவர்களுள் குழந்தைகள் இருந்தனர். தீண்டாமையால் வதைக்கப்பட்ட மக்களே பலர் இருந்தனர். இழைத்தவர் தப்பிவிட, அநீதிக்கு ஆளானவரையே நசுக்கிப் பாடம் புகட்டும் ஒரு நீதியை மனிதன்கூடச் செய்யத் துணியமாட்டானே, அதை இறைவன்மீது ஏற்றுவது தகுமா என்பது தாகூரின் வினாவின் சாரம். இங்கே தர்க்கமும் இரக்கமும் வெவ்வேறு திசையில் இழுக்கவில்லை. இறந்தவர்கள் யார் என்று கண்கொண்டு பார்த்ததனால்தான் அவரது தர்க்கம் கூர்மை பெற்றது. கூடத்தில் அமர்ந்து விதியைப் பற்றி வாதிடுவோருக்கு இந்தக் கூர்மை வாய்ப்பதில்லை.

காந்தியின் பதிலையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். தமது நம்பிக்கையைத் தம்மால் நிரூபிக்க இயலாது என்பதை அவர் ஒளிக்கவில்லை. இயற்பியல் விதிகளுக்கும் அறநெறிக்கும் இடையே மனித அறிவுக்கு எட்டாத ஓர் இணைப்பு உண்டு என்பது அவரது உறுதி. அந்த நம்பிக்கை தவறென்றே முடிந்தாலும், தம்மையும் தம்மோடு நம்புவோரையும் ஆன்மத் தூய்மையின் வழியில் அது ஊக்கியிருக்கும் என்றார். பாவம் ‘அவர்களுடையது’ என்று அவர் சொல்லவில்லை என்பதும் கருதத்தக்கது. தீண்டாமையின் பழியில் தம்மையும் ஒருவராகச் சேர்த்துக்கொண்டே அவர் பேசினார். திருநெல்வேலி மேடையில் நின்றவரின் உள்ளத்தில் அது தன்னைத்தானே கடிந்துகொள்ளும் சொல். ஆனால் அதே சொல் முங்கேரில் மகனை இழந்த ஒரு தாயின் காதில் எவ்வாறு விழும்? சொல்பவரின் தூய்மை கேட்பவரின் காயத்தை ஆற்றிவிடாது. இவ்விடத்தில் தாகூரின் பக்கமே நியாயம் கனத்து நிற்கிறது.

அடுத்த ஆண்டே நிகழ்ந்த மற்றொரு பூகம்பத்தை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். 1935 மே 31 அன்று, இன்று பாகிஸ்தானில் உள்ள குவெட்டா நகரம் அழிந்தது. வலிமையில் அது பீகார் பூகம்பத்தைவிடக் குறைவு. பீகாரில் ஏற்பட்டது ஏறத்தாழ 8 அளவு, குவெட்டாவில் 7.7. ஆயினும் அங்கே மாண்டவர் முப்பதாயிரத்திற்கும் அதிகம். பீகாரில் பூமி அதிர்ந்தது பட்டப்பகலில். பலர் வயலிலும் வெட்டவெளியிலும் இருந்தனர். குவெட்டாவில் அது அதிர்ந்தது இரவு மூன்று மணி அளவில்; ஊரே கூரையின்கீழ் உறங்கிக்கொண்டிருந்தது. வேறு காரணங்களும் உண்டு என்றாலும், அந்த நாழிகை வேறுபாடு எத்தனையோ ஆயிரம் உயிர்களின் கணக்கை மாற்றிவிட்டது. இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்வதையும், இமயத்தின் அடியில் இறுக்கம் நூற்றாண்டுகளாகச் சேர்வதையும் இன்றைய அறிவியல் விளக்குகிறது. ஆனால் அந்த இறுக்கம் எந்த நாளில், எந்த மணியில் அவிழும் என்பதை இன்றும் எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. பகலா இரவா என்பதற்கு மனிதரின் தகுதியில் காரணம் தேடப் புகுந்தால், முங்கேர் மக்களைவிடக் குவெட்டா மக்கள் கொடியவர் என்று சொல்ல நேரும். அப்படிச் சொல்ல எவருக்கு நா எழும்?

அப்படியானால் எல்லாம் குருட்டுத் தற்செயல்தானா? பாரதத்தின் பழைய சிந்தனை இவ்விரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. மகாபாரதத்தின் வனபர்வத்தில் திரௌபதி யுதிஷ்டிரரிடம் இதைப் பேசுகிறாள். அரசை இழந்து, அவையில் அவமானப்பட்டுக் காட்டில் வாழ்பவள் அவள். விதியைப் பற்றிப் பேசும் உரிமை வேறு யாரையும்விட அவளுக்கு உண்டு. விதியையே நம்பிக் கிடப்பவனையும், எல்லாம் தற்செயல் என்று சொல்பவனையும் அவள் ஒரே தட்டில் வைத்துக் கடிகிறாள்; செயலில் அறிவைச் செலுத்துபவனையே போற்றுகிறாள். முயற்சியற்றுக் கிடப்பவன் நீரில் இட்ட சுடாத மண்குடம் போலக் கரைந்துபோவான் என்பது அவள் காட்டும் உவமை. பௌத்த நூல்களிலும் இத்தகைய எச்சரிக்கை உண்டு. சீவகன் என்னும் துறவி, அனுபவிக்கும் இன்ப துன்பமெல்லாம் பழவினையால்தானா என்று கேட்டபோது, பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம், பிறர் தாக்குதல் எனப் பல காரணங்களை எடுத்துக்காட்டி, வினை அவற்றுள் ஒன்றே என்றார் புத்தர். வினைக்கொள்கையை உலகிற்கு உரைத்தவர்களே அதற்கு எல்லையும் வகுத்தார்கள் என்பதை அதன் பெயரால் பேசுவோர் மறந்துவிடுகிறார்கள்.

சுவாமி விவேகானந்தரின் வாழ்வில் அன்பர்கள் நன்கறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1897இல் மத்திய இந்தியாவைக் கடும் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. கல்கத்தாவில் பசுப் பாதுகாப்புச் சங்கத்தின் பிரசாரகர் ஒருவர் நன்கொடை வேண்டி அவரைக் காண வந்தார். பஞ்சத்தில் மடியும் மக்களுக்குச் சங்கம் என்ன செய்தது என்று சுவாமிஜி கேட்டார். மனிதர்கள் தங்கள் வினையின் பயனால் மடிகிறார்கள், அதற்குச் சங்கம் பொறுப்பல்ல என்பது போன்ற பதில் வந்தது. சுவாமிஜியின் முகம் சினத்தால் சிவந்தது. அப்படியானால் பசுக்களும் தங்கள் வினையின் பயனால்தானே கசாப்புக்காரரின் கையில் சிக்குகின்றன, அவற்றுக்காக மட்டும் ஏன் பாடுபட வேண்டும் என்று திருப்பிக் கேட்டார்.

வேடிக்கையான மடக்குப் பதில் என்று சிரித்துவிட்டுப் போகக்கூடியதன்று இது. வினையைக் காரணம் காட்டி ஓர் உயிரைக் கைவிடலாம் என்றால், அதே வாதத்தால் எந்த உயிரையும் கைவிடலாம். நோயாளிக்கு மருந்து, வழக்கில் சிக்கியவனுக்கு உதவி, தாகத்திற்குத் தண்ணீர் எதுவுமே தேவையற்றதாகிவிடும். அந்தப் பிரசாரகர் உண்மையில் வினைக்கொள்கையைப் பின்பற்றவில்லை. தமக்கு விருப்பமான இடத்தில் இரக்கத்தையும், விருப்பமற்ற இடத்தில் தத்துவத்தையும் எடுத்துக்கொண்டார், அவ்வளவே. தர்க்கத்தைச் சமமாகச் செலுத்தியவுடன் உள்ளே மறைந்திருந்த இரக்கமின்மை வெளிப்பட்டுவிட்டது.

வேதாந்த மரபு வினையைச் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று மூவகையாகப் பிரித்து, வில்லாளியின் அம்புகளுக்கு ஒப்பிடும். அம்புக் கூட்டில் இருப்பது ஒன்று, எய்யப்பட்டுவிட்டது ஒன்று, இப்போது கையில் இருப்பது ஒன்று. இந்த உவமையில் வில்லைப் பிடித்திருப்பவன் சாதகனே. அவனது வில், அவனது அம்பு. துன்பம் வரும்போது ‘இது என் பிராரப்தம், பொறுமையோடு ஏற்பேன்’ என்று அவன் சொல்லிக்கொண்டால் அது வலிமை தருகிறது. பிறர்மேல் வெறுப்பு வளராமல் காக்கிறது. அடுத்தவனைப் பார்த்து ‘இது உன் பிராரப்தம்’ என்று சொன்னாலோ அதே தத்துவம் தீர்ப்பாகிவிடுகிறது. அவனது கூட்டில் எத்தனை அம்புகள் இருந்தன என்பதை எவர் எண்ணினார்? வினையின் போக்கு ஆழங்காண அரியது என்று கீதையின் நான்காம் அத்தியாயமே சொல்கிறதே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தர்க்கம் மட்டுமே கற்றவர், துயரப்படுபவரின் முன் நின்று, எல்லாம் நிகழ்தகவின் விளையாட்டு, இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவதுண்டு. விஷயத்தில் தவறில்லை, வேளை தவறு. தன் வீடு மட்டும் ஏன் இடிந்தது என்று ஒரு தாய் அலறும்போது அவள் கேட்பது நிலநூல் விளக்கமன்று. அவளே சில வேளை ‘தெய்வம் அழைத்துக்கொண்டது’ என்று சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்ளவும் கூடும். அந்தச் சொல்லை அவளிடமிருந்து வாதிட்டுப் பறிப்பதும், அச்சொல்லையே அவள்மீது சுமத்துவதும் ஏறத்தாழ ஒரே வகைக் கொடுமை. கட்டிடங்கள் ஏன் சரிந்தன என்னும் ஆராய்ச்சிக்கு அவள் அருகில் இடமில்லை. ஊரைத் திரும்பக் கட்டும் இடத்தில்தான் அதற்கு இடம். இந்திய நில ஆய்வுத் துறையினர் அந்தப் பூகம்பத்தை விரிவாக ஆராய்ந்து 1939இல் நூலாக வெளியிட்டனர். எந்த மண்ணில் சேதம் மிகுந்தது என்று வரைபடமாக்கிய அந்த உழைப்பையும் ஒரு வகையில் பின்வரும் தலைமுறைமீது காட்டிய இரக்கம் என்றே கொள்ள வேண்டும்.

பீகாரில் 1934இன் அந்த மாதங்களில் நடந்த நிவாரணப் பணியில், காரணம் பற்றிய சர்ச்சை ஒதுங்கி நின்றது. சிறையிலிருந்து விடுதலையான ராஜேந்திர பிரசாத், உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் மத்திய நிவாரணக் குழுவைத் தலைமையேற்று நடத்தினார். முங்கேர் சென்ற ஜவஹர்லால் நேரு இடிபாடுகளுக்கிடையே தாமே மண்வெட்டி பிடித்தார். மார்ச் மாதம் காந்தியும் பீகாருக்கு வந்து பாதிக்கப்பட்ட ஊர்களைச் சுற்றினார். அந்நிய ஆட்சியை எதிர்த்துக்கொண்டிருந்தவர், இந்தப் பணியில் அரசோடு ஒத்துழைப்பதே முறை என்று குழுவைத் தீர்மானிக்கச் செய்தார்.

நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பணம் வந்து குவிந்தது. அதன் கணக்கைக் காக்க வரவழைக்கப்பட்டவர் தஞ்சாவூரில் பிறந்தவரும் தேர்ந்த தணிக்கையாளருமான ஜே. சி. குமரப்பா. நிவாரண நிதியின் ஒவ்வொரு அணாவும் இடிந்த ஊர்களுக்கே சேர வேண்டும் என்பதில் அவர் இளக்கம் காட்டவில்லை. தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கும் அவர் வரம்பு கட்டினார்; காந்தியின் பரிவாரத்துக்கும் அந்த வரம்பைத் தளர்த்த மறுத்துவிட்டார். தூர்ந்த கிணறுகளிலிருந்து மணலை அள்ளி வெளியேற்றும் வேலை ஊர் ஊராக நடந்துகொண்டிருக்க, அவர் கணக்குப் புத்தகங்களின் முன் அமர்ந்து வரவையும் செலவையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.