தட்டிய பிறகு

போன வருடம் ஒரு புதன்கிழமை இரவு. அம்பாங்கில் ஒரு கடைவரிசையின் இரண்டாம் மாடியில் இருக்கும் பயிற்சிக்கூடம். கீழே மாமாக் கடை, மேலே வியர்வை வாடை. என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணன் ஒருவர். பகலெல்லாம் மோட்டாரில் உணவு டெலிவரி செய்கிறவர். அன்றைக்கு என்னை இரண்டு முறை தட்ட வைத்துவிட்டார். மூன்றாவது சுற்றில் அவருடைய வலது கால் என் கக்கத்துக்குள் சிக்கியது. குதிகாலைப் பிடித்துத் திருகினேன். தட்டினார். விட்டேன். ஆனால் தட்டியதற்கும் விட்டதற்கும் நடுவில் ஒரு அரை விநாடி இருந்தது. அந்த அரை விநாடியில் நான் இன்னும் கொஞ்சம் திருகினேன்.

"ஒன்னும் இல்ல தம்பி, பரவால்ல" என்றார். மறுநாள் முட்டி வீங்கிவிட்டது. மூன்று வாரம் அவரால் மோட்டார் ஓட்ட முடியவில்லை. ஓட்டினால்தான் காசு என்கிற வேலை அது.

அந்த அரை விநாடியைப் பற்றித்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எம்.எம்.ஏ. பக்கம் வந்தது அகிலன் தானியைப் பார்த்துத்தான். உடல் எடையைக் குறைக்கப் பயிற்சிக்குப் போன கோலாலம்பூர் பையன். 2017 மே 26 அன்று சிங்கப்பூரில், 21 வயதில், அதுவரை தோல்வியே காணாதவராக ஒன் சாம்பியன்ஷிப் வெல்டர்வெயிட் பட்டத்துக்கு பென் ஆஸ்கிரனோடு மோதினார். முதல் சுற்றில், 2 நிமிடம் 20 விநாடியில், கையையும் கழுத்தையும் சேர்த்து இறுக்கும் பிடியில் தோற்றார். 2019 ஜூனில் ஷாங்காயில் யோஷிஹிரோ அகியாமாவைப் புள்ளிகளில் வென்றார். கழுத்தை இன்னொருவன் கையில் கொடுத்துத் தோற்றவர், பிறகு திரும்பி வந்து ஜெயிக்க முடிகிறது. இது எப்படி முடிகிறது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

குத்துச்சண்டையில் குத்து விழுந்தால் விழுந்ததுதான், பாதியில் திரும்ப எடுக்க முடியாது. பிடியில் அப்படி இல்லை. வலிக்கும் முறிவுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. பிடிபட்டவன் அந்தச் சந்தில் தட்டுகிறான், பிடித்தவன் அதே சந்தில் விடுகிறான். ஹீல் ஹூக் என்கிற குதிகால் பிடியில் இந்தச் சந்து ரொம்பக் குறுகல். திருகுவது குதிகாலை, கிழிவது முட்டியின் தசைநார். வலி தெரிய ஆரம்பிக்கும்போதே பல நேரம் காரியம் முடிந்திருக்கும். நான் அண்ணனிடம் பிடித்தது இதைத்தான்.

விடாமல் பிடித்தவன் என்றாலே எல்லாரும் சொல்லும் பெயர் பிரேசிலின் ரூசிமார் பல்ஹாரிஸ். 2010 மார்ச்சில் தோமாஷ் திர்வால் தட்டிய பிறகும் குதிகாலை விடவில்லை. நியூ ஜெர்சி ஆணையம் 90 நாள் தடை விதித்தது. 2013 அக்டோபரில் மைக் பியர்ஸிடமும் அதே கதை, யு.எஃப்.சி. அவரை வெளியே அனுப்பியது. 2015 ஆகஸ்டில் ஜேக் ஷீல்ட்ஸ் தட்டிய பிறகும் கையை விடவில்லை. வேறோர் அமைப்பில் வென்றிருந்த பட்டமும் போனது, நெவாடாவில் இரண்டு வருடத் தடையும் வந்தது.

இப்படிப்பட்டவர்களுக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. "நடுவர் வந்து இழுக்கிறவரைக்கும் விடாதே" என்று பல பயிற்சியாளர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். இதை வெறும் முரட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. 2002 மே மாதம், யு.எஃப்.சி. 37. முரிலோ புஸ்தமாண்டே, மேட் லிண்ட்லண்டின் கையை மடக்கினார். லிண்ட்லண்ட் தட்டியதாக நினைத்து நடுவர் நிறுத்தினார், புஸ்தமாண்டேயும் விட்டார். "நான் தட்டவே இல்லை" என்றார் லிண்ட்லண்ட். நடுவர் சண்டையை மறுபடி தொடங்க வைத்தார். ஜெயித்த ஆட்டத்தை புஸ்தமாண்டே இன்னொரு முறை ஜெயிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் சுற்றில் கழுத்தைப் பிடித்து ஜெயித்தார். எல்லாருக்கும் அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. நல்லவனாக விட்டால் ஏமாந்துபோகலாம் என்ற பயம் உண்மையான பயம்தான்.

நான் படித்தது பொறியியல். சுமை ஏறுவதும் சுமை நிற்பதும் எங்களுக்கு இரண்டு வேறு கணக்கு. பிடியிலும் அப்படித்தான். பிடியை வைத்திருப்பது ஒன்று, விசையைக் கூட்டுவது இன்னொன்று. தட்டியதை உணர்ந்த கணமே விசையை நிறுத்திவிட்டு, நடுவர் தொடும்வரை பிடியை மட்டும் அப்படியே வைத்திருக்கலாம். ஏமாற்றுகிறவன் தப்பவும் முடியாது, நேர்மையானவன் முட்டியும் கிழியாது. பல்ஹாரிஸ் மேல் எனக்குள்ள புகார் அவர் உடனே கையை எடுக்கவில்லை என்பது இல்லை. நடுவருக்காகக் காத்திருப்பவன் முறுக்கிக்கொண்டே காத்திருக்க வேண்டியதில்லை.

தட்டவே மாட்டேன் என்பவனை என்ன செய்வது? 1951 அக்டோபரில் மரக்கானா அரங்கில் மசாஹிகோ கிமுரா எலியோ கிரேசியின் கையை மடக்கினார். எலியோ தட்டவில்லை. கை முறிந்தது. அப்போதும் தட்டவில்லை. கடைசியில் அண்ணன் கார்லோஸ்தான் துண்டைப் போட்டார். அந்தப் பிடிக்கு இன்றைக்கும் கிமுரா என்றுதான் பெயர். 2009 டிசம்பர் 31 அன்று ஷின்யா அயோகி மிசுதோ ஹிரோதாவின் கையை முறித்ததும் இதே மாதிரிதான், ஹிரோதா தட்டவில்லை. கிமுராவை யாரும் வெறுக்கவில்லை. அயோகியை ஏசினார்கள், ஆனால் ஏசியது முறித்ததற்காக இல்லை, முறித்த பிறகு கீழே கிடந்தவனிடம் நடுவிரலைக் காட்டியதற்காக. தட்டாதவனின் எலும்புக்கு அவனும் பாதிப் பொறுப்பு என்று பார்க்கிறவர்களுக்கே தெரிகிறது. தட்டியவன் தன் பொறுப்பைச் செய்துவிட்டான். மிச்சம் முழுக்கப் பிடித்தவனுடையது.

இங்கே நம் மரபிலிருந்து ஒரு உதாரணம் எடுக்கலாம் என்று பார்த்தால், கிடைப்பது எல்லாம் வேறு மாதிரி இருக்கிறது. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடுகிறார். அந்த மல்லனுக்குத் தட்டும் வசதி இல்லை. ஆயுதம் இழந்து நின்ற ராவணனை ராமன் போய்விட்டு மறுநாள் வரச் சொல்வது நம் எல்லாருக்கும் மனப்பாடம். அது அழகுதான். ஆனால் அது மேலே நிற்பவன் கீழே நிற்பவனுக்குப் போடும் பிச்சை. ராமன் விடாமல் இருந்திருந்தாலும் யாரும் கேள்வி கேட்டிருக்க முடியாது. விட்டதால்தான் அவனுக்குப் புகழ்.

தட்டியவனை விடுவது அப்படி இல்லை. அண்ணன் தன் காலை என் கக்கத்துக்குள் வரவிட்டதே, தட்டினால் நான் விடுவேன் என்ற பேச்சின் மேல்தான். அந்தப் பேச்சு இல்லை என்றால் அவர் அந்த மெத்தையிலேயே கால் வைத்திருக்க மாட்டார். ஆக, விடுவது பெருந்தன்மை இல்லை, கடன். அடகு வைத்த நகையைப் பணம் கட்டியதும் திருப்பிக் கொடுக்கிற கடைக்காரரை யாரும் வள்ளல் என்று சொல்வதில்லை. விட்டதற்காக ஒருவனைப் பாராட்டுகிறோமே, அங்கேயே கணக்கு தப்பாகிவிடுகிறது என்று நினைக்கிறேன். பாராட்டு கொடுத்தால், விடாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான் என்று ஆகிவிடும்.

சரி, நான் ஏன் திருகினேன்? கோபம் இல்லை. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாவது உண்மையான வெற்றிதானா என்று உறுதி செய்துகொள்ள ஆசை. அவர் தட்டியது எனக்குப் போதவில்லை. அவர் உடம்பிலிருந்தே ஒரு சாட்சி வேண்டியிருந்தது. கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அரை விநாடியில் யார் எதைத்தான் வேண்டுமென்று செய்கிறார்கள்? பழக்கம்தான் செய்கிறது. அந்தப் பழக்கத்தை வளர்த்தவன் நான்.

அந்த மூன்று வாரத்துக்குப் பணம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "விளையாட்டுல இதெல்லாம் சகஜம் லா" என்று தேத்தாரே வாங்கிக் கொடுத்தார். கொடுக்க வேண்டியவன் நான், கொடுத்தவர் அவர்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். மறுபடி சேர்ந்து உருண்டோம். பழைய மாதிரியே சிரிப்பு, பழைய மாதிரியே கிண்டல். ஒரு கட்டத்தில் அவருடைய கணுக்கால் பக்கம் என் கை போனது. இன்னும் பிடிக்கக்கூட இல்லை, தொட்டதோடு சரி.

அதற்குள் தட்டிவிட்டார்.